ஸ்வசக்தியும் ஸ்வவ்யாபாரமும்



மூலனூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் பருத்தி ஏலம் நடக்கும் நாளில் ‘வியாபாரம்’ என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான். பூர்வாசார்யர்களின் மணிப்ரவாளத்திலோ வ்யாபாரமாவது செயல், முயற்சி. வங்கியில் 30 ஆண்டுகளுக்கு மேல் வியாபாரக் கணக்குகளையே பார்த்துவந்த நமக்கு இது பிடிபடச் சற்றுக் காலமாயிற்று.

தம்மைத் தாமே காத்துக்கொள்ளும் எண்ணத்தைக் கைவிட்டவர்களுக்கு உதாரணமாக ஸ்ரீவசநபூஷணத்தில் பிள்ளை லோகாசார்யர் மூவரைக் காட்டியருளுகிறார். திரௌபதி விட்டது லஜ்ஜையை. அது தனி விஷயம். பிராட்டி விட்டது ஸ்வசக்தி என்றும், திருக்கண்ணமங்கையாண்டான் விட்டது ஸ்வவ்யாபாரம் என்றும் இரு சொற்களை இட்டதேன்?

ராவணனைச் சாம்பலாக்கும் வல்லமை பிராட்டிக்கு உண்டு. பெருமாளுடைய ஆணை இல்லாமையால் அதைச் செய்திலள். இதை ஸுந்தரகாண்டத்தில் அவள்தானே அருளிச்செய்கிறாள். ஆக, சக்தியாவது உள்ளே கிடக்கும் திறன். வ்யாபாரமாவது அது கைகால் வழியே புறப்படுவது. பஞ்சை விரலால் இழுத்தே இழையின் நீளம் சொல்பவருக்கு, ஏலமில்லாத நாளிலும் அத்திறன் உண்டன்றோ!

ஆண்டான் நாதமுனிகளின் சிஷ்யர். இரு நாய்கள் சண்டையிட, அவற்றின் எஜமானர்கள் தங்கள் நாய்களுக்காக உயிரையும் விட்டதைக் கண்டார். அற்ப மனிதனுக்கே தன் உடைமையிடம் இத்தனை அபிமானமானால், ஸர்வேச்வரனுக்குச் சொல்லவேணுமோ என்று தெளிந்து, திருக்கண்ணமங்கைக் கோயில் வாசலிலே விழுந்து கிடந்தார்.

இங்கேதான் நாம் இடறினோம். ஓய்வு பெற்றதும் நம்மூர்ப் பெருமாள் கோயிலின் வரவுசெலவை எழுதித் தரும்படி கேட்டார்கள். “வ்யாபாரத்தை விட்டோம்” என்று ஆண்டானையே சாட்சிக்கு அழைத்துத் தப்பினோம். (தொலைக்காட்சி பார்ப்பதும் வ்யாபாரமே என்பது அப்போது தோன்றவில்லை.)

பின்னர் ஒரு காலக்ஷேபத்தில் மற்றொரு ஐதிஹ்யம் கேட்டோம். ஆண்டான் மகிழமரத்தடியைத் திருவலகிட்டுக் கொண்டிருந்தாராம். “பலனை எதிர்பாராத உமக்கு இந்தச் சிரமம் எதற்கு?” என்று உடன்படித்த நாஸ்திகர் ஒருவர் கேட்க, பெருக்கிய இடத்தையும் பெருக்காத இடத்தையும் காட்டி, “இரண்டுக்கும் வாசி தெரியவில்லையோ?” என்றாராம். அவர் விட்டது தம் ரக்ஷணத்துக்கான முயற்சியை, துடைப்பத்தை அன்று. நாமோ ‘ஸ்வ’ என்பதைப் பற்றிக்கொண்டு வ்யாபாரத்தை மட்டும் விட்டிருந்தோம்.

கணக்குப் புத்தகம் இப்போது நம் மேஜையில் இருக்கிறது. திருவிளக்கு எண்ணெய்ச் செலவில் 17 ரூபாய் இடிக்கிறது. ரசீதுகளை மறுபடி கூட்டிப் பார்க்கவேண்டும்.