மலையேறும் அருளாளர்

நத்தார் நெருங்கியதும் நகரத் திருச்சபைகளிலிருந்து சிறு சிறு குழுக்கள் மலையகத் தோட்டங்களை நோக்கிப் புறப்படுகின்றன. வாகனம் ஏறமுடியாத இடத்தில் இறங்கி, தேயிலைச் செடிகளிடையே ஒற்றையடிப் பாதையில் நடந்து, லயத்து முற்றத்தில் பிள்ளைகளைக் கூட்டிப் பாடலும் வேதக் கதையும் சொல்லி, அரிசிப் பொதியும் அப்பியாசக் கொப்பியும் வழங்கி, புகைப்படம் எடுத்துக்கொண்டு மாலையில் மீள்கின்றனர். "அவர்களிடம் ஒன்றுமே இல்லை, ஆயினும் எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்!" என்பது திரும்பி வந்தோர் வழக்கமாகக் கூறும் வியப்பு. இவ்வியப்பே எம்மைச் சிந்திக்கத் தூண்டுகிறது. வறுமையை நேரிற் கண்டவர் நெஞ்சில் எழவேண்டிய முதற் கேள்வி, இவர்கள் எப்படி மகிழ்ந்திருக்கிறார்கள் என்பதா, இவர்களிடம் ஏன் ஒன்றுமில்லை என்பதா?

இந்த யாத்திரைக்கு நீண்ட வரலாறுண்டு. கோப்பிக் காலத்தில், 1854ஆம் ஆண்டில், தோட்டத் துரைமாரின் ஆதரவோடு சேர்ச் மிஷனரிச் சங்கத்தார் தொடங்கிய பணிக்குத் 'தமிழ்க் கூலி மிஷன்' என்றே பெயர். ஆன்ம விடுதலை கூறவந்தோர் இட்ட பெயரிலும் கூலி என்ற சொல் ஒட்டிக்கொண்டிருந்தது. திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள் மழையிலும் அட்டைக் கடியிலும் தோட்டந் தோட்டமாக நடந்தனர். அவர்தம் உழைப்பை இகழ்வது நேர்மையன்று. பெரட்டுக் களத்தில் வெறும் இலக்கமாக நின்றவனை ஆன்மாவுடையவன் என்று ஒருவர் சொன்னதே அந்நாளிற் சிறிய காரியமன்று. பலவிடத்தும் முதலில் எழுத்தறிவித்தவர்களும் அவர்களே. ஆனால், இப்பணிக்குத் துரைமாரின் சந்தாப் பணமும் சேர்ந்தே படியளந்தது. 1876இல் கொழும்பு ஆயர் கொப்பிள்ஸ்டனுக்கும் சங்கத்தாருக்கும் இப்பணி குறித்துப் பெரும் பிணக்கு மூண்டு, ஆயர் சங்கத்துக் குருமாரின் அனுமதிப் பத்திரங்களையே மீளப் பெற்றார். அப்பிணக்கு, யார் அதிகாரம் செலுத்துவது என்பது பற்றியது. தொழிலாளியின் கூலி பற்றியதன்று.

தோட்ட வாயிலைக் கவனித்தால் விடயம் மேலும் தெளிவாகும். உபதேசியாருக்குத் திறந்த வாயில் வேறு சிலருக்கு மூடியே இருந்தது. கோ. நடேசையர் புடைவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுட் புகவேண்டியிருந்தது என்பர். தோட்டத் தொழில் பழக வந்த பிரேஸ்கேடில் என்ற ஆஸ்திரேலிய இளைஞர் 1937இல் நாவலப்பிட்டிக் கூட்டமொன்றில் தொழிலாளர் பக்கம் நின்று பேசினார். 48 மணி நேரத்துள் நாட்டைவிட்டு வெளியேறுமாறு தேசாதிபதி ஆணையிட்டார். உயர் நீதிமன்றமே பின்னர் அவரை விடுவித்தது. மலையும் அதே மலைதான், மக்களும் அதே மக்கள்தாம். ஆறுதல் சொல்பவனுக்கு அஞ்ச வேண்டியதில்லை என்பது துரைக்குத் தெரிந்திருந்தது.

"பசித்த பிள்ளை உண்ணும் சோற்றுக்கு அரசியல் ஏது?" என்று கேட்பர். கேள்வி நியாயமானதே, சித்தாந்தம் பேசி அப்பொதியைத் தட்டிவிட எவருக்கும் உரிமையில்லை. எமது ஆட்சேபம் சோற்றின் மேலன்று. ஈகை ஈகையாக இருக்கவேண்டுமாயின், ஏற்பவர் 'வேண்டாம்' என்று சொல்லக்கூடிய நிலையில் இருத்தல் வேண்டும். பொதியோடு செபமும் வருகிறதென்றால், கேட்க வந்தவர் வசனத்தை நாடினாரா, அரிசியை நாடினாரா என்பது கொடுத்தவருக்கே விளங்காது. விசுவாசத்தை மெய்யாக மதிக்கும் கிறிஸ்தவரே இதற்கு முதலிற் கூசவேண்டும்.

கொடுப்பவர், பெறுபவர் என்று இங்கே வகுத்திருப்பதும் தலைகீழானது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. அன்றைய அரசாங்க வருவாயைத் தாங்கியவற்றுள் தேயிலை முதன்மையானது. அக்கொழுந்தைக் கிள்ளியவளின் பிள்ளையோ, 1970களின் பிற்பகுதிவரை, பெரும்பாலும் தோட்ட நிர்வாகத்தின் பாடசாலையிலேயே ஒதுங்கிக் கிடந்தது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது, அவர்களைக் கேளாமலே. நாடற்ற நிலைக்கு முடிவுகட்டும் சட்டத்துக்கு 2003வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இலவசக் கல்வியால் ஆளான ஆசிரியரும் மாணவரும் அம்மலைக்குக் கொடையாளராகவா செல்கின்றனர்? கடன்பட்டவராகவே செல்கின்றனர். கடனைத் திருப்பிக் கொடுக்கப் போகிறவன் புகைப்படக்காரனை அழைத்துச் செல்வதில்லை.

(இது மதத்தவருக்கு மட்டும் உரிய நோயென்று எவரும் மகிழவேண்டாம். துண்டுப் பிரசுரத்தோடு ஏறி, பாட்டாளி வர்க்க உணர்வு பற்றி ஒரு மாலைப்பொழுது சொற்பொழிந்துவிட்டுக் கடைசி பஸ்ஸில் இறங்கும் எமது தோழர்களையும் நாம் அறிவோம்.)

வேறு வழியில் நடந்தவர்களும் உளர். மைக்கல் ரொட்ரிகோ என்ற கத்தோலிக்கக் குரு, 1980இல் ஊவாவின் தாழ்நிலத்தில், புத்தலைக்கு அருகே ஒரு சிங்கள பௌத்தக் கிராமத்திற் குடியேறினார். எவரையும் மதம் மாற்றுவதற்கன்று. அம்மக்களோடு வாழ்ந்து அவர்களிடம் கற்பதற்கு. ஏழாண்டுகள் அங்கேயே தங்கி, ஏழை விவசாயிகளின் பக்கம் நின்றார். 1987 நவம்பர் 10ஆம் திகதி பூசைவேளையிற் சுட்டுக் கொல்லப்பட்டார். பொதி கொடுத்துத் திரும்பியவர் எவருக்கும் இந்நாட்டில் இக்கதி நேர்ந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

இவ்வாண்டும் வாகனங்கள் புறப்படும். எமது மாணவர் சிலரும் அவற்றில் இருப்பர். போகவேண்டாமென்று நாம் சொல்லமாட்டோம். பாட்டு முடிந்தபின் ஒரு காம்பராவில் அமர்ந்து, சம்பளத் துண்டைக் காட்டும்படி கேட்டு, அதிலுள்ள கழிவுகளை வீட்டுக்காரர் ஒவ்வொன்றாக விளக்கக் கேட்கட்டும். அதற்கு ஒரு மாலை போதாது. மறுநாளும் தங்க வேண்டிவரும்.