தெரிந்த பிறகு வரும் வியப்பு

குழந்தைக்குத் தெரியாது, அதனால் வியக்கிறது. நமக்குத் தெரியும், அதனால் வியப்பதில்லை. இப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறோம். பாதிதான் உண்மை. நமக்குத் தெரிந்தது பெரும்பாலும் பெயர் மட்டும்தான்.

காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் பிடிக்க ஓடும்போது மணிக்கட்டைப் பார்ப்பீர்கள். ஐந்தே முக்கால். நேரம் தெரிந்துவிட்டது. கடிகாரம் தெரிந்ததா?

1984-இல் டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், தன் முதல் கடிகாரத் தொழிற்சாலையை வைத்தது ஓசூரில்தான். அதனால் இந்த ஊர்க்காரருக்குக் கடிகாரம் புதிதல்ல. நீங்களே அந்த லைனில் நின்றவராகவும் இருக்கலாம். பின்மூடியைக் கழற்றினால், உள்ளே அரிசிமணி நீளத்தில் ஒரு உலோகக் குழல். அதற்குள் ஒரு குவார்ட்ஸ் படிகம். பள்ளி லேபில் தட்டிக் காதோரம் வைத்துக் கேட்டோமே இசைக்கவை, அதே வடிவம். பேட்டரி மின்சாரம் தொட்டதும் அது அதிர்கிறது. நொடிக்கு 32,768 தடவை. நீங்கள் தூங்கும்போதும், ஓவர்டைம் பார்க்கும்போதும், சிக்னலில் நின்று எரிச்சல்படும்போதும்.

ஏன் இந்த எண்? பாதியாக்கிப் பாருங்கள். 16,384. மறுபடி பாதி. 8,192. இப்படியே 15 தடவை இறங்கினால் மிஞ்சுவது சரியாக ஒன்று. கடிகாரத்துக்குள் இருக்கும் சிப் செய்வது இந்தக் கணக்கைத்தான். மிஞ்சிய அந்த ஒரு துடிப்புதான் நொடிமுள்ளை ஒரு எட்டு நகர்த்துகிறது. டீ இடைவேளையில் ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். கடைசி வரியில் சிரிப்பு வரும்.

இந்தச் சிரிப்பு ஒன்றும் தெரியாத குழந்தைக்குக் கிடைக்காது. கணக்குத் தெரிந்தவருக்குத்தான் கிடைக்கும். குழந்தை வாசலில் நின்று வியக்கிறது. நீங்கள் உள்ளே போய் வியக்கலாம்.

அந்தப் படிகமும் கல்தான். கல்லை அமுக்கினால் என்ன ஆகும்? கேட்டால் சின்னப்பிள்ளைக் கேள்வி. 1880-இல் பாரிஸில் ஜாக் கியூரி, பியர் கியூரி என்ற அண்ணன் தம்பி இருவர் படிகங்களை அமுக்கிப் பார்த்தார்கள். மின்சாரம் வந்தது. பியருக்கு அப்போது 21 வயது. விவரம் தெரிந்த வயதுதான். இருந்தும் அமுக்கிப் பார்த்தார். உங்கள் கையில் ஓடும் கடிகாரம் அந்தக் கண்டுபிடிப்பின் வழியில் வந்தது.

ஸ்பேனர் பிடிக்கிற கை என்றால் உங்களுக்கும் இப்படி ஒரு வியப்பு உண்டு, இரும்பில். கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்புப் பொருள்கள் கிடைத்த மண்ணடுக்கின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தார்கள். சிப்காட் தொழிற்பேட்டை வந்தது நேற்று. இரும்பு வந்து நாலாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகிறது. இன்று ஒரு போல்ட்டை முறுக்கும்போது இதைச் சும்மா நினைத்துக்கொள்ளுங்கள். உற்பத்தி ஒன்றும் குறைந்துவிடாது!

கல்லுக்கே திரும்புவோம். கடிகாரத்துக்குள் போகும் படிகம் ஆலையில் வளர்த்து எடுப்பது. ஆனால் சரக்கு ஒன்றுதான். கிருஷ்ணகிரியிலிருந்து லாரி லாரியாகப் போகும் கிரானைட்டில் கண்ணாடித்துண்டு போல மினுக்குவதும் குவார்ட்ஸ். வரப்போரம் நாம் எட்டி உதைத்துவிட்டுப் போகும் வெங்கச்சங்கல்லும் குவார்ட்ஸ்.

இன்று வீட்டுக்கு வரும் வழியில் அந்த வெள்ளைக்கல் இரண்டைப் பொறுக்கி வாருங்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஒன்றோடொன்று அழுத்தி உரசுங்கள். துகள் தெறிக்கும், கண் பத்திரம். கல்லுக்குள் மஞ்சளாய் ஒரு வெளிச்சம் ஓடி மறையும். தீய்ந்த வாசனையும் வரும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் கூப்பிடுங்கள். “எப்படிப்பா?” என்று கேட்பார்கள். உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். கல்லை அவர்கள் கையில் கொடுங்கள்.