எட்டு போட்டாச்சா?

“உட்கார்ந்த இடத்திலேயே செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது.” இடுப்புத்தளத் தசைப் பயிற்சியைச் சொல்லித் தருகிறவர்கள் எல்லோரும் இதை ஒரு வசதியாகச் சொல்வார்கள். பஸ்ஸில் செய்யலாம், ரேஷன் கடை வரிசையில் செய்யலாம், சம்பந்தியோடு பேசிக்கொண்டே செய்யலாம். உண்மைதான். ஆனால் இந்தப் பயிற்சி பாதியில் நின்றுபோவதற்கு அந்த வசதியே முதல் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

காலை நடைக்குப் போகாவிட்டால் பூங்காவில் நாலு பேர் கேட்பார்கள். யோகா வகுப்புக்கு மட்டம் போட்டால் டீச்சர் வாட்ஸப்பில் விசாரிப்பார். விரதத்தை விட்டால் சாமி கேட்கும் என்ற பயமாவது இருக்கும். இதை விட்டால் கேட்க ஆளில்லை. போதாக்குறைக்கு, பலனும் கண்ணில் படாது. உடம்பு இளைத்தால் ரவிக்கை தளர்ந்து காட்டிக்கொடுக்கும். இதிலோ, ஒன்று நடக்காமல் இருப்பதுதான் பலன். தும்மினோம், சேலை நனையவில்லை. நனையாத சேலையை யார் கவனிக்கிறார்கள்?

ஐம்பதைத் தாண்டிய பெண்கள் பலருக்கு இது தெரிந்த கதை. இருமினால் சிறுநீர் சொட்டும், தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால், குலுங்கிச் சிரித்தால் கசியும். பிரசவத்தில் தளர்ந்த தசை, மாதவிலக்கு நின்றபின் இன்னும் வலுவிழக்கும். புராஸ்டேட் அறுவை முடிந்த ஆண்களுக்கும் இந்த அவஸ்தை உண்டு. நம் ஊரில் இதற்கு மருத்துவம் பார்ப்பதைவிட வாழ்க்கையைச் சுருக்கிக்கொள்வதே வழக்கம். கல்யாண மண்டபத்தில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்க்கும் முன் பாத்ரூம் எந்தப் பக்கம் என்று பார்க்கிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. திருப்பதி பஸ் என்றால் முந்தின ராத்திரியே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவோம். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்ந்து பையை உறுத்தும், மலச்சிக்கல் சேரும், தொல்லை கூடும்.

பயிற்சி கேட்க எளிதுதான். சிறுநீரையும் வாயுவையும் ஒருசேர அடக்குவதுபோல உள்ளுக்குள் மேல்நோக்கி இறுக்க வேண்டும். சில நொடி நிறுத்த வேண்டும். பிறகு முழுசாகத் தளர்த்த வேண்டும். எனக்குக் கற்றுத்தந்த பிசியோதெரபிஸ்ட் ஒரு கையை வயிற்றின்மேல் வைத்துக்கொள்ளச் சொன்னார். வயிறு கல்லாகக் கூடாது, தொடையும் பிட்டமும் கூடவே இறுகக் கூடாது. வாய்விட்டு எண்ணச் சொன்னார்; மூச்சைப் பிடித்திருந்தால் குரல் வராது. மேலே இழுப்பதற்குப் பதில் கீழே முக்குகிறவர்களும் உண்டு, அது பாரத்தை எல்லாம் அந்தத் தசைமேலேயே இறக்கும். சிலருக்குத் தசை ஏற்கெனவே இறுகிக் கிடக்கும். அவர்கள் மேலும் இறுக்கினால் வலிதான் மிச்சம். எரிச்சலோ ரத்தமோ தெரிந்தால் முதலில் டாக்டரிடம் போக வேண்டும். ஆக, யாருக்கும் தெரியாமல் செய்யலாம் என்றாலும், ஒருவருக்காவது தெரிந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

இது கெகலுக்கே தெரிந்திருந்தது. பயிற்சிக்குத் தன் பெயரைத் தந்த அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கெகல், 1948-இல் அதைப் பற்றி மருத்துவ இதழில் எழுதியபோது, “இறுக்குங்கள்” என்று சொல்லிப் பெண்களை அனுப்பிவிடவில்லை. பெரினியோமீட்டர் என்ற கருவியையும் கொண்டுவந்தார். தசை எவ்வளவு இறுகுகிறது என்பதை அதன் முள் காட்டும். முள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதைப் பெண்கள் தங்கள் கண்ணாலேயே பார்த்தார்கள். இன்று துண்டுப் பிரசுரங்களில் அவர் பெயர் இருக்கிறது, முள்ளைக் காணோம். பிரிட்டனின் நைஸ் அமைப்பு தரும் வழிகாட்டுதலும் ஒரு வேளைக்குக் குறைந்தது 8 முறை, நாளைக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதம் என்பதோடு, மேற்பார்வையில் செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. அந்தக் கடைசி நிபந்தனையை மட்டும் காற்றில் விட்டுவிட்டு, பயிற்சியை நிறுத்தியவளைச் சோம்பேறி என்பது என்ன நியாயம்?

எனக்கு மேற்பார்வை என் மருமகள். பிரசவத்துக்குப் பின் அவளுக்கும் இதே பயிற்சியைச் சொல்லியிருந்தார்கள். “எட்டு போட்டாச்சா அத்தை?” என்பாள் சமையலறையிலிருந்து. “ரெண்டாவது எட்டு ஓடுதும்மா” என்பேன். நான் மொட்டைமாடியில் எட்டு வடிவத்தில் நடக்கப் போகிறேன் என்றே என் வீட்டுக்காரர் இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறார். தீபாவளி வாரத்தில் விருந்தாளிகள் நிறைந்த வீட்டில் இருவருமே விட்டுவிட்டோம். தனியாக இருந்தால் அதோடு முடிந்திருக்கும். விருந்தாளிகள் கிளம்பிய மறுநாள் காலையில் அவள் கேட்டாள், தொடர்ந்தது. தும்மல் வருவது தெரிந்ததும் ஒரு கணம் முன்னால் இறுக்கிக்கொள்ளும் சூட்சுமத்தையும் அவள்தான் எனக்கு ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தாள். விடாமுயற்சி என்பதைத் தனி ஆளின் வைராக்கியமாகவே பேசிப் பழகிவிட்டோம். அதில் பாதி, விட்டுப்போனதைத் திட்டாமல் மறுபடி எடுத்துத் தருகிற இன்னொருவரின் குரல்.

“எத்தனை நாள் செய்யணும்?” என்று அவள் ஒருமுறை அலுத்துக்கொண்டாள். பலருக்கு மூன்று மாதத்துக்குள் வித்தியாசம் தெரியும். எல்லோருக்கும் முழுசாக நிற்கும் என்று சொல்ல முடியாது. செய்வதை நிறுத்தினால் தசை மெல்ல மெல்லப் பழையபடி தளரும். பல் தேய்ப்பதற்கு யாரும் கெடு கேட்பதில்லை, அந்தக் கணக்கில்தான் இதையும் சேர்க்க வேண்டும்.

வீட்டில் அப்பாவின் சர்க்கரை மாத்திரையை ஞாபகப்படுத்த நாலு பேர் இருக்கிறோம். இதை அம்மாவிடம் கேட்பதற்கும் ஒருத்தி வேண்டும். அதற்கு அம்மா முதலில் வாய் திறந்து சொல்லியாக வேண்டும். பயிற்சியிலேயே கஷ்டமான பகுதி அதுதான். முதலில் செய்ய வேண்டியதும் அதுதான்.