மனை கட்டுதலும் கொல்லாமையும்

இல்லறத்தில் நிற்கும் சிராவகன் எல்லா ஹிம்சையையும் விட்டுவிட இயலாது என்பதை நன்கறிந்தே நம் ஆசாரியர்கள் விரதங்களை வகுத்தருளினர். கொல்ல வேண்டும் என்னும் எண்ணத்தோடு செய்யும் சங்கல்ப ஹிம்சையை அவன் முற்றிலும் துறத்தல் வேண்டும். சமைத்தல், பெருக்குதல், மனை கட்டுதல் முதலியவற்றால் நேரும் ஆரம்ப ஹிம்சையும், தொழிலால் நேரும் உத்தியோக ஹிம்சையும், தற்காப்பால் நேரும் விரோத ஹிம்சையும் அவனால் முழுதும் விலக்க இயலாதவை. ஆகவே அவற்றை இயன்ற அளவு குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி.

'இயன்ற அளவு' என்ற இச்சொல்லைப் பற்றியே நாம் இங்கு சிந்திக்க விழைகிறோம். வீடு கட்டுவோர் மண்ணைத் தோண்டாமல் கட்ட முடியாது. செங்கல்லுக்காகக் களிமண் வெட்டப்படுகிறது; சூளையில் தீ எரிகிறது; நீர் இறைக்கப்படுகிறது. நிலம், நீர், தீ, காற்று, தாவரம் என்னும் ஓரறிவுயிர்கள் அனைத்தும் இதில் துன்புறுகின்றன. இவற்றுள் எது தவிர்க்க முடியாதது? எது நம் அசட்டையால் நேர்வது?

உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் ஹிம்சைக்கு இலக்கணம் கூறும்போது, பிரமாதம் என்பதை முதலில் வைத்தார். இன்று நாம் பேச்சில் வழங்கும் பொருளில் அன்று. விழிப்பின்மை, அயர்வு என்னும் பொருளில். உயிர் போனதா என்பதோடு, போகும்போது நாம் விழித்திருந்தோமா என்பதும் அங்கே வினவப்படுகிறது.

இதற்கு அயல்நாட்டு நிகழ்ச்சி ஒன்று தக்க சான்று. அமெரிக்காவின் சிகாகோ நகரில், ஏரிக்கரையில் மெக்கார்மிக் பிளேஸ் என்னும் மாநாட்டுக் கூடம் உள்ளது. அதன் சுவர்கள் பெரும்பாலும் கண்ணாடியால் ஆனவை. 2023 அக்டோபர் 5 அன்று விடிவதற்குள், தெற்கு நோக்கி வலசை சென்ற பறவைகளுள் ஏறத்தாழ ஆயிரம் அக்கட்டடத்தில் மோதி மடிந்தன. அதைக் கட்டியவர் எவரும் பறவைகளைக் கொல்ல எண்ணியவர் அல்லர். ஒளியும் அழகும் வேண்டும் என்றே எண்ணினர். கண்ணாடி பறவையின் கண்ணுக்குத் தடையாகத் தோன்றாது, அதில் தெரியும் வானத்தை அது வானமென்றே கொள்ளும் என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

அடுத்த ஆண்டு அக்கண்ணாடிகளின் மேல் சிறு புள்ளிகள் நெருக்கமாக இட்ட ஏடு ஒட்டப்பட்டது. அதன்பின் இறப்பு ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு குறைந்தது. அவ்வேலைக்குச் செலவு சுமார் 12 லட்சம் டாலர். கட்டும்போதே எண்ணியிருந்தால் இதில் எவ்வளவு மிச்சமாகியிருக்கும்! நியூயார்க் நகரம் 2020இல் சட்டம் இயற்றி, புதுக் கட்டடங்களில் பறவைகள் கண்டுகொள்ளத்தக்க கண்ணாடியையே பயன்படுத்த வேண்டும் என விதித்தது. புள்ளியிட்டால் தவிர்க்கக்கூடிய இறப்பை இனித் 'தவிர்க்க முடியாதது' என்று கூற எவருக்கும் உரிமை இல்லை.

'அவை பெருநகரங்கள், நமக்கு என்ன?' எனலாம். சேலம் மாவட்டத்து ஜலகண்டாபுரம் போன்ற நெசவு ஊர்களை நோக்குவோம். குழித்தறி இருந்த வீட்டில், தறிக்காகவே வீடு அமைந்தது. நெய்பவர் கால் வைக்கக் குழி. பாவு நூல் அறாதிருக்க மண்தரையின் ஈரம். வெளிச்சத்துக்குக் கூரையில் ஒரு கண்ணாடி ஓடு. ஏழை நெசவாளி வீட்டிலும் இத்துணைச் சிந்தனை இருந்தது. ஆதலால் சிந்தித்துக் கட்டுவது செல்வர்க்கே உரியது என்பது பொருந்தாது. இன்று நம் சிறு நகரங்களின் கடைவீதிகளிலும் வெயிலைப் பாராது கண்ணாடி முகப்புகள் எழுகின்றன. உள்ளே வெப்பம் பெருக, அதைத் தணிக்க மின்சாரம் வேண்டியிருக்கிறது.

நம் முன்னோர் நீரை வடிகட்டி, துணியில் தங்கிய நுண்ணுயிர்களை எடுத்த நீர்நிலையிலேயே சேர்த்தனர். விளக்கை நாடும் பூச்சிகளை எண்ணி இரவுணவை விலக்கினர். அக்கருத்தையே கட்டடத்துக்கும் விரித்தால் போதும். மூடியற்ற நிலத்தடித் தொட்டியில் அணிலும் ஓணானும் விழுந்து மடியும். பொருத்தமான மூடி அதைத் தடுக்கும். விடிய விடிய எரியும் வெண்ணீல விளக்கு பூச்சிகளை மிகுதியாக ஈர்க்கும். கீழ்நோக்கிய மஞ்சள் விளக்கு, அதுவும் வேண்டிய நேரத்தில் மட்டும் எரிவது, பல உயிர்களைக் காக்கும். 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் நீர். தமிழகத்தில் மழைநீர் சேகரிப்பு 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. எனினும் விதிக்காக வைத்த குழாய், குழி எதையும் சேராமல் நின்றுவிடுவதும் உண்டு. சட்டத்துக்கு அஞ்சிச் செய்வதற்கும் விரதமாக ஏற்றுச் செய்வதற்கும் உள்ள வேறுபாடு அதுவே.

இவற்றுக்குப் பொருள் மிகுதியாக வேண்டுமே என்பர் சிலர். கேரளத்தில் பல்லாண்டு பணியாற்றிய லாரி பேக்கர் (1917–2007) இதற்கு விடை தந்தார். செங்கற்களை நெட்டுக்குத்தாக நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் 'எலிப்பொறிக் கட்டு' முறையை அவர் பரப்பினார். அம்முறையில் செங்கல் சுமார் கால் பங்கு குறைகிறது. நடுவிலுள்ள காற்று வெப்பத்தையும் தடுக்கிறது. செலவு குறைகிறது என்று உலகம் இதைப் பாராட்டும். நாமோ, கால் பங்கு மண்ணும் தீயும் மிச்சமாயின, அவற்றைச் சார்ந்த உயிர்களும் தப்பின என்று கொள்வோம்.

மற்றொரு மயக்கமும் உண்டு. மூவர் வாழ ஐயாயிரம் சதுர அடியில் மாளிகை எழுப்பி, அதன்மேல் சூரியத் தகடு பொருத்திப் 'பசுமை வீடு' எனப் பெயரிடுகிறோம். மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதம் முதலில் அளவையே கேட்கும். வேண்டாத அறை எத்துணை நேர்த்தியாகக் கட்டப்பட்டாலும் வேண்டாத ஹிம்சையே.

'கொத்தனார் கட்டினார், பொறியாளர் வரைந்தார், நாம் செய்யவில்லையே' என்றும் ஒதுங்க இயலாது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றும் வினையைச் சேர்க்கும் என்பது நம் அறம். மனை கட்டுதல் பெரும்பாலும் செய்வித்தலே.

ஆதலின் வீடு கட்ட முனையும் அன்பர்கள், வாஸ்துவும் நாளும் பார்க்கும் அக்கறையோடு, வரைபடம் முடிவாகும் முன் பொறியாளரோடு அமர்ந்து, இதில் எந்த உயிருக்கு எங்கே இடர் நேரும், அதை எவ்வாறு நீக்கலாம் என்று ஒருமுறை கேட்பாராக. கடைக்கால் எழுந்தபின் கேட்டால் திருத்துவதற்குப் பெரும்பொருள் வேண்டும். காகிதத்தில் திருத்துவதற்குச் சிறிது விழிப்பு மட்டுமே வேண்டும்.