வெறிதாகும் பதவிகள்

இலங்கை அரச அலுவலகங்களில் ‘பதவியை வெறிதாக்கல்’ என்றொரு வழக்கு உண்டு. அனுமதியின்றிக் கடமைக்கு வராத உத்தியோகத்தருக்கு, அவர் பதவியை வெறிதாக்கியவராகக் கருதப்படுகிறார் என்று கடிதம் போகும். தாபன விதிக்கோவை அதற்கு இடம் தருகிறது. ‘வெறிது’ என்றால் ஒன்றுமில்லாதது என்று பொருள். ஆள் ஏன் போனார், யாரை விட்டுப் போனார் என்று அந்தச் சொல் கேட்பதில்லை. அறம் அந்த இரண்டையும்தான் கேட்க வேண்டும்.

1987 ஒக்டோபர் 21, தீபாவளி நாள். புலிகளுடன் போர் நடந்துகொண்டிருந்த வேளையில் இந்திய அமைதி காக்கும் படையினர் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் நுழைந்து சுட்டனர். நோயாளரும் ஊழியருமாக அறுபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். மறுநாள் காலை, குழந்தை நல வைத்திய நிபுணர் சிவபாதசுந்தரம் கைகளை உயர்த்தியபடி, தாங்கள் வைத்தியரும் தாதியரும்தான் என்று உரத்துச் சொல்லிக்கொண்டு முன்னே வந்தார். அவரும் சுடப்பட்டு இறந்தார்.

ஷெல் விழுந்துகொண்டிருந்த அந்த நாட்களில் வீட்டை விட்டு வெளியே வராதிருந்த ஊழியர் கடமை தவறியவரா?

இல்லை. உயிரைக் கொடு என்று எந்த நியமனக் கடிதமும் கேட்க முடியாது. சிவபாதசுந்தரத்தின் செயல் கடமையின் எல்லையையும் கடந்தது. அதை அளவுகோலாக வைத்து மற்றவர்களைக் குற்றவாளிகளாக்குவது அவருக்கும் செய்யும் அநீதி.

உயிராபத்து இல்லாத காலத்தில் கணக்கு வேறு. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் பல வைத்தியர்கள் நாட்டை விட்டுப் போனார்கள். சம்பளம் போதவில்லை, பிள்ளைகளின் எதிர்காலம் தெரியவில்லை. போக நினைத்ததில் பிழையில்லை. சொல்லாமல் போனதில்தான் பிழை இருக்கிறது. நெடுந்தீவில் வைத்தியர் இல்லாத நாளில் பிரசவ வலி கண்ட பெண்ணைப் படகேற்றிக் குறிகாட்டுவானில் இறக்கி, அங்கிருந்து தெருவழியே யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கடல் கொந்தளித்தால் அதுவும் நடவாது. முன்கூட்டியே அறிவித்திருந்தால், பதிலுக்கு ஒருவரை அனுப்பத் திணைக்களத்துக்கு அவகாசம் கிடைத்திருக்கும்.

அறிவிப்புக் கிடைத்தும் ஆளை நியமிக்காமல் இருக்கும் திணைக்களத்தை என்ன சொல்லி அழைப்பது? தனியொருவருக்குக் கடிதம் அனுப்பும் அரசும் அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது. வெற்றிடத்தை நிரப்பும் வரை அந்தக் கடமை தீராது.