வினையும் மனுவும்

குறைபாட்டோடு பிறந்த குழந்தையின் நிலைக்கு முற்பிறப்பின் வினையே காரணம் என்று நம்பும் சமயத்தவர், அந்தக் குழந்தைக்குக் கல்வி தரத் தவறிய ஊராட்சி ஒன்றியத்தின் மீதும் கல்வித்துறையின் மீதும் முறையிடுவது அந்த நம்பிக்கைக்கு முரணாகுமா என்னும் கேள்வி, வெறும் ஏட்டுக் கேள்வி போலத் தோன்றினாலும், விழுப்புரம் மாவட்டத்து வீடுகளில் வேறு சொற்களில் ஓயாமல் எழுப்பப்படுவதுதான். "அவன் தலையெழுத்துக்கு ஆபீஸ்காரனைச் சொல்லி என்ன ஆகும்" என்று உறவினர் ஆறுதலாகச் சொல்லும் பேச்சில் ஒரு முழுத் தத்துவ நிலைப்பாடு அடங்கியிருக்கிறது. அது சரியானதா என்று அந்தத் தத்துவத்தின் உள்ளிருந்தே ஆராய்வது தகும்.

மேல்மலையனூர் இந்த ஆராய்ச்சிக்குப் பொருத்தமான ஊர். அமாவாசை இரவில் அங்காளம்மனின் ஊஞ்சல் உற்சவத்துக்குத் திரளும் கூட்டத்தில், பில்லி, சூனியம், பேய் பிடித்தல் என்று அஞ்சப்படும் துன்பங்களுக்குத் தீர்வு தேடி வருவோர் பலர். வலிப்பு வரும் பிள்ளையையும் பேச்சு வராத பிள்ளையையும் தோளில் சுமந்து வரும் பெற்றோரும் அவர்களுள் உண்டு. கோயிலின் தலபுராணம் வினையைப் பற்றி வியப்பான ஒரு கதையைச் சொல்கிறது. பிரமனின் ஐந்தாம் தலையைக் கொய்த சிவனைப் பிரமகத்தி, அதாவது அந்தணனைக் கொன்றதால் வரும் பாவம், பற்றிக்கொள்ள, அந்தக் கபாலம் அவன் கையிலேயே ஒட்டிக்கொண்டு, பிச்சையாக விழும் உணவையெல்லாம் தானே தின்றுவிடுகிறது. மலையனூர் மயானத்தில் அம்மன் உணவைச் சூறையிட, அதைத் தின்னும் ஆசையில் கபாலம் கையைவிட்டு இறங்க, அவள் பேருருக் கொண்டு அதை மிதித்து அடக்குகிறாள். மாசி மாதத்து மயானக் கொள்ளையில் தானியமும் காய்கறியும் நாணயமும் இறைக்கப்படுவது இந்தக் கதையின் நினைவாகவே. இறைவனுக்கு வினை இல்லை என்னும் சாத்திரக் கோட்பாட்டைத் தலபுராணம் பொருட்படுத்தவில்லை; புராணங்களுக்கு அந்தச் சலுகை உண்டு. கையில் ஒட்டியது அவன் செய்த செயலின் பயனே என்பதில் ஐயமில்லாதபோதும், 'அனுபவித்துத் தீரட்டும்' என்று அம்மன் விலகி நிற்கவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது.

இதே மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூரோடு தொடர்புடையவர் மெய்கண்டார். 13-ஆம் நூற்றாண்டில் அவர் அருளிய, 12 நூற்பாக்களே கொண்ட சிவஞானபோதம் சைவ சித்தாந்தத்தின் முதல்நூல். சித்தாந்தம் வினையை மூன்றாகப் பகுக்கிறது: பல பிறவிகளில் ஈட்டிக் குவிந்து கிடப்பது சஞ்சிதம், அதிலிருந்து இப்பிறவியில் நுகர்வதற்கென்று அளந்து தரப்பட்ட பங்கு பிராரத்தம், அந்த நுகர்ச்சியின்போதே புதிதாகச் செய்யப்பட்டு ஏறுவது ஆகாமியம். ஒரு பிள்ளையின் செவித்திறன் குறைவு அவனுடைய பிராரத்தம் என்றே வைத்துக்கொண்டாலும், அவனைச் சேர்க்க மறுத்த பள்ளியின் மறுப்பும், மாதக்கணக்கில் மேசையில் கிடத்தப்பட்ட விண்ணப்பமும் அவ்வாறு மறுத்தவருக்கும் கிடத்தியவருக்கும் ஆகாமியமாகும். பிறரால் வரும் துன்பமும் தன் வினையின் வழியே வருகிறது என்று சித்தாந்தம் கூறுவதை எடுத்துக்காட்டி இதை மறுக்க முடியும். ஆனால் வினைப்பயனுக்குக் கருவியாக நின்றவன் தன் செயலின் பொறுப்பிலிருந்து விடுபடுவான் என்றால், கொலையும் களவும் பாவமாகாமல் போய்விடும், அற நூல்களுக்கே வேலை இருக்காது. கோயில் நிலத்தை ஆக்கிரமித்தவன் மீது வழக்குத் தொடுக்கும்போது 'இது கோயிலின் வினை' என்று எவரும் வாதிடுவதில்லை. ஏழைப் பிள்ளையின் பள்ளிக்கூடம் என்றால் மட்டுமே அந்த வாதம் நினைவுக்கு வருகிறது.

சித்தாந்தத்தின் அறிவுக் கொள்கை இதனினும் ஆழமாகச் செல்கிறது. உயிர் தானாக அறியும் பொருள் அன்று, அறிவித்தால் அறியும் பொருள் என்பது அதன் அடிப்படை; கண்ணுக்குப் பார்க்கும் ஆற்றல் இருந்தும் கதிரவன் ஒளியின்றிப் பார்க்க இயலாதது போல, உயிருக்கு அறியும் தன்மை இருந்தும் காட்டும் துணை இல்லாமல் அறிவு விளங்காது. உடல், மனம் முதலிய உட்கருவிகள், உலகம், நுகர்பொருள் ஆகிய தனு, கரணம், புவனம், போகம் நான்கும் உயிர் அறிவு பெறுவதற்காக இறைவன் கருணையால் கூட்டித் தந்தவை என்றே அந்நூல்கள் கொள்கின்றன. தண்டனை என்பதைவிட மருந்து என்பதே அங்கு உடலுக்குரிய பார்வை. இந்தக் கொள்கையை ஏற்றவருக்கு, தானே கற்கும் பிள்ளை, துணையோடு கற்கும் பிள்ளை என்னும் பிரிவு அளவில் மட்டுமே நிற்கும் வேறுபாடு, ஏனெனில் துணையின்றிக் கற்கும் உயிர் ஒன்றுகூட இல்லை. "இவனுக்குச் சொல்லிக்கொடுத்து என்ன ஆகப்போகிறது" என்னும் அலுப்பு, சட்டத்தைப் பார்க்கும் முன்பே, சித்தாந்தத்தின்படி பிழை.

சட்டம் இதையே தன் மொழியில் உரிமை என்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையும், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு உடையோருக்கு 18 வயது வரையும் இலவசக் கல்வியை உறுதி செய்கின்றன. சிறப்பாசிரியர், அதாவது குறைபாடுள்ள பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தனிப்பயிற்சி பெற்றவர், தொடக்க நிலையில் 10 பிள்ளைகளுக்கு ஒருவரும் அதற்கு மேல் 15 பிள்ளைகளுக்கு ஒருவரும் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் கூறியது. அதன் பின்னும் பணியிடங்களை உருவாக்குமாறு 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது. நடைமுறையில் வட்டார வள மையத்தைச் சேர்ந்த ஒரே பயிற்றுநர் பல பள்ளிகளுக்கும், வெளியே வர இயலாத பிள்ளைகளின் வீடுகளுக்கும் மாறிமாறிச் செல்கிறார். குறையைச் சொல்லவும் ஒரே வாசல் இல்லை: பள்ளியின் பெயர்ப்பலகையில் ஊராட்சி ஒன்றியம் என்று இருக்கும், ஆசிரியர் நியமனம் கல்வித்துறையிடம் இருக்கும், உதவித்தொகை மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இருக்கும், திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டமோ மேல்மலையனூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும். இங்கிலாந்தில் இத்தகைய பிள்ளைக்கான கல்வித் திட்டத்தை உள்ளாட்சி மன்றம் 20 வாரங்களில் முடித்துத் தர வேண்டும் என்று விதி இருந்தும், காலதாமதம் குறித்த பெற்றோர் புகார்கள் அங்கும் குவிகின்றன. ஆக, இது வினைக் கொள்கை இல்லாத நாட்டிலும் உள்ள நோய்தான்.

முறையீடு பக்திக்குக் குறைவு என்று கருதுவோர் திருவெண்ணெய்நல்லூரின் மற்றொரு நினைவை மறந்துவிடுகின்றனர். சுந்தரர் தமக்கு அடிமை என்று கூறி, ஓலையைக் கையில் ஏந்தி, அவ்வூர்ச் சபையில் வழக்குரைத்த முதியவர் சிவபெருமானே என்கிறது பெரியபுராணம். கடவுளே மனுதாரராக நின்ற ஊர் அது. பின்னாளில் சங்கிலியாருக்குக் கொடுத்த சூளுறவை மீறியதால் கண்ணிழந்த சுந்தரர், காரணம் தம் பிழையே என்று அறிந்திருந்தும், வாய்மூடி இருக்கவில்லை; கோயில்தோறும் சென்று இறைவனையே கடிந்து முறையிட்டார். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோலும், காஞ்சியில் ஒரு கண்ணும், திருவாரூரில் மறு கண்ணுமாகத் தவணை முறையில்தான் தீர்வு வந்தது என்பதை மனு எழுதிப் பழகியவர்கள் புன்னகையோடு கவனிக்கலாம். பிறவியிலேயே பார்வையற்ற தண்டியடிகளோ, திருவாரூர்க் குளத்தைத் தோண்டி அகலப்படுத்த, குளத்தினுள்ளும் கரையிலும் கம்பு நட்டு, இடையே கயிறு கட்டி, அதைத் தடவிக்கொண்டே மண் சுமந்தார். அவருக்குக் கண் கிடைத்த அற்புதத்தையே பலரும் நினைவில் வைத்துள்ளனர். அதற்கு முன்பே அந்தக் கயிறு அவருடைய வேலையை நடத்தியது.

2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தங்கள் உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்க வழிசெய்துள்ளன. அந்த இருக்கை ஒன்றியக் கூட்டத்தில் பிள்ளைகளின் பள்ளிக் குறைகளைப் பேசும் இடமாக வேண்டும். ஆனால் பெற்றோர் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 32-ஆம் பிரிவின்படி எவரும் உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்து மூலம் குறையைத் தெரிவிக்கலாம், அது இரு தரப்பையும் கேட்டு மூன்று மாதங்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும், முடிவு நிறைவளிக்கவில்லை என்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம். அம்மனுக்கு நேர்ந்துகொண்ட குடும்பம் இந்த மனுவையும் எழுதட்டும். கொடுக்கும்போது தேதியிட்ட ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கட்டும். கெடு தவறினால் ஆணையத்திடம் காட்ட வேண்டிய சான்று அதுவே.