பலகாரம் ஏழு வகை, தூக்கம் நாலு மணி நேரம்

தீபாவளி நேரத்து இதழ் என்றதும் நரகாசுரன் கதையை எதிர்பார்ப்பீங்க. அது உங்க எல்லாருக்கும் தெரியும். அவனை வதம் செய்த கண்ணன் வேறோர் இடத்துல சொன்னதைப் பத்தி இன்னைக்குப் பேசலாம்.

கீதை ஆறாம் அத்தியாயம், 16, 17ஆம் சுலோகங்கள். மிதமிஞ்சிச் சாப்பிடறவனுக்கும் யோகம் கைகூடாது, பட்டினி கிடக்கிறவனுக்கும் கைகூடாது. தூங்கிக்கிட்டே இருக்கிறவனுக்கும் இல்ல, கண் விழிச்சுக்கிட்டே இருக்கிறவனுக்கும் இல்ல. உணவு, நடமாட்டம், வேலை, தூக்கம், விழிப்பு எல்லாத்துக்கும் அளவு வச்சிருக்கிறவனுக்குத்தான் யோகம் துன்பத்தைத் தீர்க்கும் என்கிறார் பகவான். இதைக் கேட்டது காட்டுல தவம் செய்ற முனிவர் இல்லைங்க. போர்க்களத்துக்கு நடுவுல இருந்த அர்ஜுனன். வேலை தலைக்கு மேல இருக்கிறவனுக்குச் சொன்ன உபதேசம் இது.

இப்போ நம்ம வீட்டுக்கு வருவோம். மலேசியாவுல தீபாவளிக்குப் பொது விடுமுறை ஒரே நாள்தான். சரவாக்கில் அதுவும் கிடையாது. வேலைக்குப் போற அம்மாக்கள் ஐந்து மணிக்கு வேலை முடிஞ்சு, சாலை நெரிசல்ல மாட்டி, ஏழு மணிக்கு வீடு வந்து, நடு ராத்திரி வரைக்கும் முறுக்கு பிழியறாங்க. அடுத்த நாள் அச்சு முறுக்கு. அதுக்கடுத்த நாள் நெய் உருண்டை. இடையில திரைச்சீலை துவைக்கணும், மின்விசிறி துடைக்கணும், தையல்காரர்கிட்ட இரவிக்கை வாங்கணும். முதல் நாள் ராத்திரி இட்லிக்கு மாவு, கறிக்கு மசாலா. விடியறதுக்கு முன்னாடி எல்லார் தலையிலும் எண்ணெய் வைக்கிறதும் அவங்கதான். பதினொரு மணிக்கு விருந்தாளி வந்து உட்காரும்போது, அந்தப் புதுச் சேலையில இருக்கிறவங்களுக்குச் சிரிக்கிறதே ஒரு வேலையா இருக்கு.

பல்கலைக்கழகத்துல படிக்கிற பிள்ளைங்க முதல் நாள் சாயங்காலம் பஸ்ல வந்து இறங்குவாங்க. டப்பாவைத் திறந்து பார்த்துட்டு, "இந்த வருஷம் ஓமப்பொடி போடலையாம்மா?"

நான் படிக்கிறது எலெக்ட்ரிக்கல். ஒரு மோட்டாரை எவ்வளவு நேரம் தொடர்ந்து ஓட்டலாம் என்பதை எஸ்1, எஸ்2, எஸ்3 என்று வகை பிரிச்சிருக்காங்க. எஸ்3, 40 விழுக்காடு, 10 நிமிடச் சுழற்சி என்றால், 4 நிமிடம் ஓடணும், 6 நிமிடம் நிக்கணும். நிக்கிற நேரம் வீண் நேரம் இல்ல, சூடு இறங்குற நேரம். அந்த ஓய்வைக் கொடுக்காம ஓட்டினா மோட்டார் உடனே நின்னுடாது. அதுதான் ஆபத்து. ஓடிக்கிட்டே இருக்கும், உள்ளே கம்பிச் சுருளோட காப்பு கெட்டுக்கிட்டே வரும். வரம்புக்கு மேல 10 பாகை செல்சியஸ் சூடு ஏறினா, அந்தக் காப்போட ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. மிக்சிக்காவது அடியில ஒரு சிவப்புப் பொத்தான் வச்சிருக்காங்க. சுமை கூடினா தானா நின்னுடும். உளுந்து அரைக்கிற மனுஷிக்கு அந்தப் பொத்தான் கிடையாது.

இதைச் சொன்னா ஒரு பெரியவர் நிச்சயம் கேட்பார்: "இளையான்குடி மாறநாயனார் என்ன தம்பி, ஓய்வா பார்த்தாரு?" நியாயமான கேள்விதான். பெரியபுராணத்துல வர்ற அந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாப் பார்ப்போம்.

மழை கொட்டும் நள்ளிரவு. வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை. சிவனடியார் ஒருவர் பசியோடு வந்து நிற்கிறார். அன்று பகலில் வயலில் விதைத்த நெல்லை அள்ளி வரலாம் என்று யோசனை சொன்னவர் மனைவி. இருட்டில், மழையில், கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போய் அள்ளி வந்தவர் கணவர். விறகு இல்லை என்றதும் கூரைக் கொம்பை வெட்டிக் கொடுத்தவரும் அவரே. கறிக்கு என்ன செய்வது என்றதும், இன்னும் வளராத கீரையைப் பறித்து வந்தவரும் அவரே. அந்த ஒரே கீரையைப் பலவிதமாகச் சமைத்தவர் அந்த அம்மையார். அடியாரை எழுப்பப் போனால், அங்கே சோதி வடிவாய் ஈசன்.

பாருங்க, அந்த வீட்டுல வேலை ஒருத்தர் தலையில விழல. அடுப்பு அந்த அம்மாவோடது. மழையில நனைஞ்சது ஐயா. இன்னொண்ணு, வந்தவருக்குப் பசி. நம்ம வீட்டுக்கு வர்றவங்க ஏற்கெனவே நாலு வீட்டுல சாப்பிட்டுட்டு, "ஐயோ, வயித்துல இடமில்ல" என்று சொல்லிக்கிட்டே உட்காருறவங்க. அவங்களுக்காக ஏழாவது டப்பாவை நிரப்பறதை விருந்தோம்பல் கணக்குல சேர்க்க எனக்கு மனசு வரல. அது எதிர்வீட்டு ஆறு டப்பாவோட நடக்கிற போட்டி. வள்ளுவர் விருந்தோம்பல் அதிகாரத்துல அனிச்சப் பூவைக் காட்டி, நம்ம முகம் மாறினாலே விருந்தாளி வாடிடுவார் என்கிறார். தூங்காத முகம் எப்படி மலரும்?

அதுக்காகப் பலகாரமே வேண்டாம் என்று நாம போய் அம்மாகிட்ட தீர்ப்புச் சொல்லக்கூடாது. சில அம்மாக்களுக்கு அந்த எண்ணெய்ச் சட்டி முன்னாடி உட்காருறதுதான் தீபாவளியே. எதை விட்டா உங்களுக்கு மனசு கேட்காது என்று அவங்களையே கேளுங்க. அந்த ரெண்டு மூணை வீட்டுல செய்யலாம். மத்ததை, ஆர்டர் எடுத்துச் செய்ற பக்கத்து வீட்டு ஆன்ட்டிகிட்ட வாங்கினா அவங்களுக்கும் நாலு காசு கிடைக்கும். திறந்த இல்ல உபசரிப்பை அடுத்த ஞாயிற்றுக்கிழமை வச்சா யாரும் கோவிச்சுக்கப் போறதில்ல. பையன்களுக்குத் தனியா ஒரு வார்த்தை: "அம்மா, நீங்க ரெஸ்ட் எடுங்க" என்று சோபாவுல இருந்து சொல்றது உதவி ஆகாது. மாவு பிசையத் தெரியலையா, சட்டி கழுவத் தெரியும். திரைச்சீலை மாட்ட எந்தப் பயிற்சியும் வேண்டாம்.

ஓய்வெடுத்தும் களைப்பு தீரல, வாரக்கணக்கா தூக்கம் இல்ல, எதுலயும் மனசு ஒட்டலன்னா, அதை "அம்மாவுக்கு மூட் சரியில்ல" என்று விட்டுடாதீங்க. கிளினிக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க. உங்களுக்கே அப்படி இருந்தாலும் அதேதான்.

தீபாவளி அமாவாசை முடிஞ்ச கையோட, பிரதமையிலேயே கந்த சஷ்டி விரதம் தொடங்கிடும். வயிறு நிறையச் சாப்பிட்ட உடம்புக்கு ஆறு நாள் எளிய உணவு, கோவில், ஜெபம். கீதை சொன்ன அளவு நம்ம பஞ்சாங்கத்துலேயே இருக்கு. ஆனா பல வீடுகள்ல விரதம் இருக்கிறவங்கதான் விரதம் இல்லாத நாலு பேருக்கும் சமைக்கிறாங்க. அந்த ஆறு நாள் சமையல் யார் கையில என்பதைத் தீபாவளிக்கு முன்னாடியே வீட்டுல உட்கார்ந்து பேசிடுங்க.